எண் தெளிவாக இல்லை

சீமையிலிருந்து அப்படி ஒரு கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் கம்பெனி கேள்வி கேட்கிற கம்பெனி அல்ல. நாம் கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு படிவம் அனுப்பி வைக்கிற கம்பெனி. அதுவே வாயைத் திறந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் இஞ்சின்களுக்கு இருந்த மவுசு குறைந்துவிட்டதா என்று கேட்டிருந்தது. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தேன், வேறு யாருக்காவது வந்ததோ என்று.

ரப்பர் விலை படுத்துவிட்ட முப்பதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூரில் ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் கிளை இருந்தது. மாடியில் அலுவலகம், கீழே உதிரிப்பாகக் கிடங்கு. நான் பெரிய கிராணி. அந்த நாளில் அலுவலகத்தில் எழுதுகிறவனுக்குக் கிராணி என்று பெயர். கிராணிகளுக்கு மேலே பெரிய கிராணி, அவனுக்கு மேலே துரை, துரைக்கு மேலே கடல், கடலுக்கு அப்பால் சீமை. இவ்வளவுதான் எங்கள் உலகம்.

கம்பெனி எண்ணெய் இஞ்சின் செய்தது. இன்றைக்கு அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படாது. அன்று தோட்டத்தில் ரப்பர் பால் உருளை சுற்றினாலும், அரிசி ஆலையில் நெல் குத்தினாலும், செராஸ் பக்கம் ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தாலும், எது எங்கே அசைந்தாலும் அதன் மறுமுனையில் எங்கள் இஞ்சின் ஒன்று இருமிக்கொண்டிருக்கும். பூமியில் அதைவிட நுட்பமான பொருள் இல்லை என்று நாங்கள் நம்பினோம். துரைகள் அப்படிச் சொன்னார்கள், விலைப்பட்டியலும் அப்படித்தான் சொன்னது.

ஒவ்வோர் இஞ்சினின் முகப்பிலும் ஒரு பித்தளைத் தகடு உண்டு. அதில் கம்பெனியின் பெயரும், கீழே அந்த இஞ்சினின் எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண் இல்லாமல் எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆணிகூட இடம்விட்டு நகராது. உதிரிப்பாகம் வேண்டுமென்றால் படிவத்தில் எண்ணை எழுத வேண்டும். புகார் சொல்ல வேண்டுமென்றாலும் எண். யோசனை சொல்வதற்கும் எண். எங்கள் பதிவேடு எண் வரிசைப்படி இருந்தது. எண் தெரிந்தால் வாங்கியவர் யார் என்று கண்டுபிடிக்கலாம். வாங்கியவர் யார் என்று தெரிந்தாலும் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது; ஒருவரே பல இஞ்சின் வாங்கியிருப்பார், எது எங்கே நிற்கிறது என்று பதிவேட்டில் இல்லை. இது குறையென்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

எண் இல்லாமல் வந்த படிவத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்கென்றே ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தேன்: ‘எண் தெளிவாக இல்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.’ கீழே என் கையெழுத்து. குறையுள்ள படிவம் ஒன்றைக்கூடச் சீமைக்கு அனுப்பாத ஒரே கிழக்குக் கிளை என்று எங்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. அதைச் சட்டம் போட்டு என் மேசைக்கு மேலே மாட்டியிருந்தேன். இருபது வருட உத்தியோகத்தில் எங்கள் இஞ்சின் ஒன்று ஓடுவதை நான் கண்ணால் பார்த்ததில்லை. என் வேலைக்கு அது தேவைப்படவில்லை.

ஆகவே, மவுசு குறைந்ததா என்ற கேள்விக்கு நான்கு பக்கத்தில் ‘இல்லை’ என்று ஒரு பதில் எழுதி, மறுநாள் காலை துரையின் மேசையில் வைத்தேன். துரை அதை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

“கிள்ளான் பக்கம் போன வருடம் நாம் ஒரு சிலிண்டர் ஹெட்கூட விற்கவில்லை. அங்கே இஞ்சின்கள் நின்றுவிட்டனவா?” என்றார்.

“இல்லை சார். ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.”

“அப்படியானால் சிலிண்டர் ஹெட் அங்கே மரத்தில் காய்க்கிறதா?”

 சிலிண்டர் ஹெட் என்பது இஞ்சினின் தலைப்பாகம், வெடிப்பை எல்லாம் தாங்குகிற கனத்த இரும்பு மூடி. சில வருடத்துக்கு ஒரு முறை அது பிளந்தே தீரும். பிளந்தால் எங்களிடம்தான் வந்தாக வேண்டும்.

துரையிடம் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. இஞ்சின் பொருத்துகிற எங்கள் பெரிய பிட்டரை, ஊருக்குள்ளேயே இருக்கிற புடுவில் ஒரு சீன வார்ப்புப் பட்டறை வாசலில் பார்த்ததாகக் கிடங்கு ஆள் யாரோ சொல்லியிருக்கிறார். “உங்கள் பிட்டர் நம் வியாபாரத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார். நீங்களே கிள்ளானுக்குப் போய் விசாரித்துக் குற்றச்சாட்டுத் தாளைத் தயார் செய்யுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஓடி ஒளியாமல் இருக்க,” என்றார்.

 அந்த மனிதரை நான் பதினேழு வருடமாக அறிவேன். ரயில்வேயில் கூலியாகச் சேர்ந்து, இரும்பைப் பழகி, கம்பெனிக்கு வந்தவர். பள்ளத்தாக்கில் ஓடிய எங்கள் இஞ்சின்களில் பாதிக்கு மேல் அவர் கையால் சிமெண்டு போட்டு நிறுத்தியவை. இஞ்சின்களை ஊர்ப் பெயரால்தான் சொல்வார். சுங்கை வே ஆள், செராஸ் ஆள் என்று. முதன்முதலில் நிறுத்தியது கிள்ளான் ஐஸ் ஆலை இஞ்சின். அதை மட்டும் ‘மூத்தவ’ என்பார். வருடா வருடம் சரஸ்வதி பூசைக்கு முந்தின வாரம் லீவு எடுத்துக்கொண்டு, ஒரு சாக்குப்பையில் புளியும் செங்கல் தூளும் சந்தனமும் குங்குமமும் போட்டுக்கொண்டு ரயிலேறிவிடுவார். தான் நிறுத்திய இஞ்சின் ஒவ்வொன்றையும் துலக்கிப் பொட்டு வைத்துவிட்டுத்தான் திரும்புவார். பூசையன்று அலுவலகத்தில் எல்லார் மேசைக்கும் பொரி கடலை வரும். என் தட்டச்சு இயந்திரத்துக்கும் ஒரு பொட்டு விழும். நான் மெதடிஸ்ட் சபைக்காரன். இருந்தாலும் ஆட்சேபித்ததில்லை. விதிகளில் அதற்குத் தடை கிடையாது.

வேலை நீக்கம் என்பது அந்த வருடங்களில் வேலையோடு நிற்காது. அவர் இருந்தது பிரிக்பீல்ட்ஸில் கம்பெனி வீடு. வேலை போன வாரமே காலி செய்ய வேண்டும். வேறு வேலை எங்கும் இல்லை. தோட்டங்களிலிருந்து ஆட்களை லோரி லோரியாகத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மூன்று பெண்பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள். நாகப்பட்டினம் அவர்களுக்கு வெறும் பெயர்.

கிள்ளானுக்கு ரயிலில் போனோம். நான் இரண்டாம் வகுப்பு, அவர் மூன்றாம் வகுப்பு. அலுவல் பயண விதிப்படி அப்படித்தான். எதற்குப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். இறங்கியதும், “பெட்டிய நான் தூக்கிக்கிறேங்க,” என்று என் தோல்பையை வாங்கிக்கொண்டார். குற்றச்சாட்டுத் தாள் அதற்குள்தான் இருந்தது.

ஐஸ் ஆலை ஆற்றங்கரையில் இருந்தது. துறைமுகத்து மீனுக்கெல்லாம் அங்கிருந்துதான் ஐஸ் போகும். சீன முதலாளியின் ஆலை. தவுக்கே என்றுதான் எல்லாரும் சொல்வோம். தவுக்கே அன்று ஊரில் இல்லை. இஞ்சினைப் பார்த்துக்கொண்ட டிரைவர் நம் தமிழ் ஆள். பனியனோடு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

“யாரு, கோலாலம்பூர் பெரிய கிராணியாரா? வாங்க வாங்க! ஏழு வருசமா ஒங்க கையெழுத்து மட்டுந்தான் வந்துக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு ஆளே வந்துட்டீங்க!”

“எந்தக் கையெழுத்து?”

அவர் சுவரைக் காட்டினார். ஓர் ஆணியில் பதினொரு தாள்கள் குத்தியிருந்தன. எடுத்துப் புரட்டினேன். எல்லாம் எங்கள் உதிரிப்பாகப் படிவங்கள். ஒவ்வொன்றிலும் என் முத்திரை, கீழே என் கையெழுத்து.

“எனக்கும் தவுக்கேக்கும் இங்கிலீசு தெரியாது. ஃபாரத்தக் கடத்தெருவுல காசு குடுத்து எழுதிக்குவோம். ஆனா பாக்க அழகா இருக்கேன்னு மாட்டி வச்சேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு பாருங்க. ஒண்ணுலகூட ஒங்களுக்குக் கை நடுங்கல.”

பிட்டர் அவரைப் பார்த்து, “சும்மா இருடா,” என்றார்.

“எதுக்கு சும்மா இருக்கணும்? அண்ணே, தல வெடிச்சு நாலு நாளு ஐஸ் இல்லாம துறைமுகத்துல மீனெல்லாம் நாறுச்சே, அப்ப சும்மாதான் இருந்தோம். ஐயா, நான் கேக்குறேன், நாங்க என்ன தப்பா எழுதிட்டோம்?”

“இஞ்சின் எண் எழுதவில்லை,” என்றேன்.

“எண்ணா? எங்க இருக்கு அது?”

தகட்டில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இஞ்சினைச் சுற்றி முன்பக்கம் போனேன். தகட்டின் மேல் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன்.

அதில் ஒன்றும் இல்லை. கம்பெனி பெயர் இல்லை, எண் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. என் மூக்குக் கண்ணாடியின் இரண்டு வட்டமும் அதில் தெரிந்தன. வேறு தகடோ என்று தேடினேன். வேறு தகடு கிடையாது. நான் தகட்டின் முன்னால் குனிந்தபடியே நின்றதைப் பார்த்த பிட்டர், நான் பளபளப்பைப் பார்த்து மலைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

“போன வருசம் இதவிட நல்லா இருந்துச்சுங்க. இந்தத் தடவ நம்ம பிரிக்பீல்ட்ஸ் செங்கல்லு கொஞ்சம் பொறுபொறுன்னு இருந்துச்சு,” என்றார் கூச்சத்தோடு.

டிரைவர் உடனே சேர்ந்துகொண்டார். “தவுக்கேகூட வந்து நின்னு பாப்பாரு லா. தங்கம் மாரி இருக்குன்னு சிரிப்பாரு.”

“இதில் எழுத்து இருந்ததே?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

“இருந்துச்சுங்க,” என்றார் பிட்டர். “மொதல்ல மேடும் பள்ளமுமாத்தான் இருந்துச்சு. அழுக்கெல்லாம் போயி அந்தப் பள்ளத்துலதான் ஒக்காரும். விடாம தேச்சேன். பத்துப் பன்னண்டு பூசையில சமமா வந்துருச்சு.”

அதை அவர் ஒரு சாதனையாகச் சொன்னார். நான் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

இஞ்சினின் உடம்பிலும் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அது அடிப்பாகத்தில் இருக்கும். இவர் நிறுத்தும்போதே அது சிமெண்டுக்குள் போய்விட்டது. எல்லாவற்றையும் உறுதியாகச் செய்கிற மனிதர்.

“அந்த எண் எதற்கென்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?”

“இல்லீங்களே. அது இஞ்சினுக்கு நெத்தி மாதிரின்னு நெனச்சேன். பொட்டு வைக்கிற எடம்.”

யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. எண்ணின் முக்கியத்துவம் பற்றி மூன்று பக்கச் சுற்றறிக்கை ஒன்று இருந்தது. நான்தான் தயாரித்தேன். யார் யாருக்கு அனுப்புவது என்ற பட்டியலையும் நான்தான் போட்டேன். அதில் பிட்டர்கள் இல்லை. பிட்டர்கள் கீழே கிடங்கில் இருந்தார்கள், சுற்றறிக்கை மாடிக்கு உரியது.

பிறகுதான் சிலிண்டர் ஹெட்டைக் கவனித்தேன். அது மற்ற பாகங்களைவிடப் புதிதாக இருந்தது. அதன் மேல் எங்கள் கம்பெனியின் பெயர் தடித்த எழுத்துகளில் நின்றது. ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. “இது நம்முடையதுதானே?” என்றேன்.

“அது புடு பட்டறைச் சரக்குங்க,” என்றார் டிரைவர். “ஒடஞ்சதக் கொண்டு குடுத்தோம். மூணு நாளுல வார்த்துக் குடுத்துட்டான். ஃபாரமும் இல்ல, எண்ணும் இல்ல.”

“கம்பெனி பெயர் இருக்கிறதே?”

“அச்சு எடுக்கையில அதுவும் சேந்து வந்துருச்சு. நல்லாத்தான இருக்கு?”

பிட்டர் என்னைப் பார்த்தார். மறைக்கவேண்டும் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. “நான்தாங்க பட்டறைக்குப் போனேன். அவன் மொதல்ல வார்த்தது சரியில்ல. நம்ம கம்பெனித் தலையில தண்ணி ஓடுற வழி ரொம்பக் குறுகலு. இந்த ஆத்துச் சேறு அடச்சிக்கிட்டுச் சூடேறித்தான் வெடிக்குது. வழியக் கொஞ்சம் அகலமாப் போடுன்னு சொன்னேன். போட்டான். இப்ப ரெண்டு வருசம் ஆச்சு, ஒரு சின்ன விரிசல் இல்ல.”

“இதை நீங்கள் முதலில் நம் அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டாமா?”

“சொன்னேங்களே. கிடங்குல ஒரு தம்பி எழுதிக் குடுத்துச்சு. மேல அனுப்புனோம்.”

நினைவு வந்தது. சேறு, தண்ணீர் வழி, சூடு. நல்ல ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள். எண் இல்லாத தாள். அதிலும் என் முத்திரை விழுந்திருந்தது.

“கம்பெனி விதிப்படி வெளிச் சரக்கை நம் இஞ்சினில் நீங்கள் தொடவே கூடாது. தெரியுமா?”

“தெரியுங்க. காசு ஒண்ணும் வாங்கலீங்க. இஞ்சினு நின்னுபோச்சு. நான் வச்ச இஞ்சினு. நிக்கிறதப் பாத்துக்கிட்டு எப்படீங்க சும்மா போறது?”

திரும்பும்போது நானும் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். இருவருக்கும் நடுவே ஒருவர் கோழிக்கூடை வைத்திருந்தார்.  பாதி வழியில், “எத்தனை இஞ்சினுக்கு இப்படித் தேய்த்திருக்கிறீர்கள்?” என்றேன்.

“என் கை பட்ட எல்லாத்துக்குந்தாங்க. ஒண்ணுக்குச் செஞ்சு ஒண்ணுக்கு விட்டா நல்லாவா இருக்கும்?”

கோழிகளுக்கு மேலாக அவர் முகத்தைப் பார்த்தேன். பள்ளத்தாக்கில் பாதி இஞ்சின்களுக்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. இந்த மனிதர் பக்தியோடு அழிக்க, அழிந்தவற்றை நான் ஒழுங்கோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. புடுவில் யாரோ ஒரு சீனர் எங்களோடு போட்டிபோட வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிருந்தது. நாங்கள் அனுப்பி வைத்த ஆட்களை அவர் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார், அவ்வளவுதான்.

மறுநாள் பழைய நான்கு பக்கத்தைக் கிழிக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு பக்கத்தில் உண்மையை எழுதினேன். மவுசு குறைந்துவிட்டது, காரணம் எங்கள் முறை, முறையை நடத்தியவன் நான். துரை இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

“இதை அனுப்பினால் சீமையில் முதலில் என்ன கேட்பார்கள் தெரியுமா? இருபது வருடமாக நீங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு நீங்கள் பதில் எழுதுகிறீர்களா, நான் எழுதட்டுமா?”

நான்கு பக்கம் கப்பலேறியது. இரண்டு பக்கம் கிழிந்து கூடைக்குப் போனது. சில மாதம் கழித்துச் சீமையிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. கவலை நீங்கியதாம்.

“பிட்டர் ஒப்புக்கொண்டாரா?” என்று அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்த அன்றே துரை கேட்டார்.

“ஒப்புக்கொண்டார் சார்.”

“அப்படியானால் திங்கட்கிழமை குற்றச்சாட்டுத் தாள் என் மேசையில் இருக்க வேண்டும்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் பாசார் வழியாக வந்தேன். மீன்கடை ஓரத்தில் பிட்டரின் மனைவி நின்றிருந்தார். என்னிடம் அதற்கு முன் அவர் பேசியதே இல்லை.

“ஐயா, ஒரே ஒரு வார்த்த. பெட்டி கட்டணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லிருங்க.”

நான் பைபிளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“மூத்தவ இந்த வருசம் பரீச்ச எழுதணும். இஞ்சினு மூத்தவ இல்லீங்க, நான் பெத்த மூத்தவ. வாத்தியாரம்மா பேரு குடுக்கச் சொல்றாங்க. குடுக்கட்டுமா, நிப்பாட்டிரட்டுமா? அவரக் கேட்டா, கிராணியாரு நல்லவரு, அவரு பாத்துக்குவாருன்னு சொல்லிட்டு ஏதோ ஒரு வால்வ எடுத்து வச்சித் தொடச்சிக்கிட்டு இருக்காரு.”

“பேர் குடுக்கச் சொல்லுங்க,” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று புரிந்தது. முடிவாகாத கோப்பைப் பற்றி வெளியாருக்கு வாக்குக் கொடுப்பது விதிமீறல். அப்படி ஒரு காரியத்தை அதுவரை நான் செய்ததில்லை. மீன்கடைக்காரர் தெளித்த தண்ணீர் சட்டையில் பட்டதுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தேன். அந்தப் பெண் பெயர் கொடுத்துவிடுவாள். அப்பன் கப்பலேறுவான். தாளை எழுதப்போவதும் நான்தான்.

திங்கட்கிழமை காலை தாளை எடுத்து நிரப்ப உட்கார்ந்தேன். சீமையின் ஒப்புதல் இல்லாமல் கிளையில் யாரையும் நீக்க முடியாது, ஆகவே தாள் கப்பலேறியாக வேண்டும். ஒன்று, பெயர். இரண்டு, பதவி. மூன்று, குற்றம் நடந்த இடம். நான்கு, சம்பந்தப்பட்ட இஞ்சினின் எண்.

பேனாவை வைத்துவிட்டேன். அந்த நான்காவது கட்டத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! இஞ்சின் தொடர்பான எந்தத் தாளும் எண் இல்லாமல் சீமைக்குப் போகக் கூடாது என்பது விதி. குற்றச்சாட்டுத் தாளுக்கு அதில் விலக்கு இருக்கிறதா என்று விதிப் புத்தகத்தைத் தேடினேன். விலக்கு இல்லை. மறுபடி தேடினேன். நிச்சயமாக இல்லை.

மற்ற எல்லாக் கட்டத்தையும் உண்மையாக நிரப்பினேன். அவர் ஒப்புக்கொண்டதையும் எழுதினேன். நான்காவதை வெற்றாக விட்டு, ரப்பர் முத்திரையை எடுத்து நன்றாக மை தடவி, தாளின் தலையில் அழுத்தினேன்.

துரை அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். “இது என்ன விளையாட்டு?”

“விளையாட்டு இல்லை சார். எண் தெளிவாக இல்லை.”

“மனிதர்தான் குற்றவாளி, இஞ்சின் அல்ல!”

“உண்மைதான் சார். ஆனால் கட்டம் இருக்கிறது.”

அவர் பாராட்டுக் கடிதத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருபது வருடமாக வாடிக்கையாளர்கள் என்னை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

முத்திரையைப் பொருட்படுத்தாமல் துரை தாமே கையெழுத்திட்டுத் தாளைக் கப்பலேற்றினார். சீமையில் யாராவது ஒருவருக்காவது புத்தி இருக்கும், படித்துப் பார்த்து மனிதரை நீக்கச் சொல்லிவிடுவார்கள் என்று நான் பயந்தேன். மாதங்கள் போயின. தாள் திரும்பி வந்தது. நான்காவது கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில், எண்ணைத் தெளிவாக எழுதி அனுப்பவும் என்று இருந்தது. எந்த இஞ்சின், ஏன் வெளிச் சரக்கு, அதில் தண்ணீர் வழி ஏன் அகலம் என்று ஒரு கேள்வி இல்லை. எனக்கு நிம்மதியைவிட அதிர்ச்சிதான் பெரிதாக இருந்தது. அங்கேயும் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

சிமெண்டை உடைத்து அடியில் இருக்கும் எண்ணைப் பார்க்கலாம் என்று துரை தவுக்கேவுக்கு எழுதினார். இரண்டு நாள் இஞ்சினை நிறுத்த வேண்டியிருக்கும். ஆணியில் குத்தியிருந்த என் பதினொரு தாள்களையும் ஓர் உறையில் போட்டுத் தவுக்கே பதிலாக அனுப்பி வைத்தார். கூட ஒரு வரியும் எழுதவில்லை. தாள் இன்னும் இரண்டு தடவை கடல் தாண்டிப் போய்த் திரும்பியது. அதற்குள் அந்தத் துரையும் மாற்றலாகிப் போனார். கோப்பு திறந்தபடியே கிடந்தது. அந்தப் பெண் பரீட்சை எழுதித் தேறினாள்.

அடுத்த வருடம் ஆள்குறைப்பு உத்தரவு வந்தது. கிளையில் பாதிப் பேரை நிறுத்த வேண்டும், பெரிய சம்பளக்காரர்களில் ஒருவரையும் சேர்த்து. பட்டியலைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு என்னுடையது. அந்த ஒருவர் அனுபவமும் வயதும் கூடியவராக இருக்க வேண்டும். புதுத் துரை பிட்டரின் பெயரைப் பென்சிலால் முதலில் எழுதியிருந்தார். நான் விதிப் புத்தகத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். விசாரணை நிலுவையில் உள்ள ஊழியரை, விசாரணை முடியும் வரை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. குற்றவாளி நழுவிவிடக் கூடாது என்பதற்காகச் சீமையில் யோசித்துப் போட்ட விதி.

“இந்த விசாரணை எப்போது முடியும்?” என்றார் புதுத் துரை.

“எண் கிடைத்ததும் சார்.”

அவர் பென்சிலால் பிட்டரின் பெயரை அடித்தார். காலியான இடத்துக்கு அடுத்த பெயர் மேலே வந்தது. வயதில் மூத்தவர், நீண்ட சேவை, ஒரு குறையும் பதிவாகாதவர். என் பெயர். கை நடுங்காமல் தட்டச்சு செய்தேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டு இடத்தில் எழுத்து பிசகியது. தாளை மாற்ற வேண்டியதாயிற்று.

அப்படித்தான் நான் ஓய்வு பெற்றேன். குற்றமற்றவன் என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். குற்றச்சாட்டு உள்ளவர் கம்பெனி வீட்டில் இருந்தார்.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு முந்தின வாரம் பிட்டர் சாக்குப்பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. எப்போதும் நிமிர்ந்து பேசுகிறவர் அன்று தரையைப் பார்த்தே பேசினார்.

“ஒங்க வேல என்னாலதான் போச்சுன்னு கிடங்குல பேசிக்கிறாங்க.”

“கிடங்கில் எதையும் முழுதாகப் பேச மாட்டார்கள்,” என்றேன்.

“நான் தேச்சதுனாலதான் இவ்வளவும்னு இப்பத்தாங்க எனக்குப் புரியுது. செராஸ் பக்கம் ஒரு இஞ்சினுல இன்னும் நாலு எழுத்து நிக்குது. மூத்தவகிட்டகூட ஓரத்துல ஏதோ ஒரு கோடு தெரியிற மாதிரி இருக்குன்னு கிள்ளான் டிரைவர் சொல்றான். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இந்த வருசம் தகட்ட விட்டுறட்டுமா?”

நான் வாசல்படி இறங்கி, அவர் கையிலிருந்த பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். புளி இருந்தது. செங்கல் தூள் குறைவாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் அடுப்புக்காக வாங்கிப் போட்டிருந்த செங்கலில் இரண்டை எடுத்து வந்து அவர் பைக்குள் போட்டேன்.

“கிள்ளான்ல மொதல்ல தேயுங்க,” என்றேன். “அந்தக் கோடு நல்லாப் போகணும்.”